வரிசையில் நின்ற செய்தி

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கள் மலையூர் ரிங்லெட்டில் ஒரு துணியும் காயவில்லை. அம்மாவின் ஸ்வெட்டர் இன்னும் கொடியில். எடுக்க மனமில்லை.

போன வியாழன் அம்மாவை அடக்கம் செய்தோம். இன்றோடு லீவு முடிந்தது. ஈப்போ ஆபீசிலிருந்து மேனேஜர் போன். நாங்கள் இணையத் தளங்கள் செய்யும் மென்பொருளைப் பற்றி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'லாராவெல் பற்றிய தவறான எண்ணங்கள்' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "லேசான வேலைலா, வீட்டுல இருந்தே செஞ்சிடு" என்றார். இரக்கம்தான். ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மூடுபனி. கட்டுரைக்கு:

1. லாராவெல் மெதுவானது. (எழுதுகிறவர் ஒரே விஷயத்தை நூறு தடவை தேடவைத்தால் எதுவும் மெதுவாகத்தான் ஓடும்.)
2. சின்னத் தளங்களுக்கு மட்டும். (பக்கத்து ஊர் திரிங்காப்பின் காய்கறி லோரிகள் முழுக்க அதில்தான் பதிவு.)
3. அதற்கு அடியில் இருக்கும் பிஎச்பி செத்துப்போன மொழி. 'செத்துப்போன' என்பதை அடித்துவிட்டு 'பழைய' என்று போட்டேன்.
4. பாதுகாப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். (பூட்டு கொடுக்கும். பூட்டுவது நாம்.)

மதியம் மூன்று பேருக்குச் சோறு வடித்துவிட்டேன். இருப்பது நானும் அப்பாவும்தான்.

நவம்பர் 12, புதன்

தூறல். அப்பா தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, "அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவன் என்றால் அம்மாவின் அண்ணன், சுங்கை சிப்புட் மாமா. அக்கா கல்யாணத்தில் மாமன் முறைக்குத் தன்னை மேடைக்குக் கூப்பிடவில்லை என்று கோபம். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சாவுச் செய்தியைக்கூட யாரும் அவருக்கு போன் போட்டுச் சொல்லவில்லை. எங்கள் தேவாலயச் சபைக்கு நான் செய்துகொடுத்த தளம் இருக்கிறதே. அதில் துக்கச் செய்தி போட்டால் பட்டியலில் உள்ள எல்லார் போனுக்கும் போகும். மாமா நம்பரும் உண்டு. "தளத்துல போட்டாச்சுலா, நான் எதுக்கு அவன்கிட்ட பேசணும்" என்றார் அப்பா அன்றைக்கு. போட்டேன். 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது.

கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தும் எங்கள் குடும்பங்களில் இது மட்டும் மாறவில்லை. பெண் இறந்தால் அண்ணன் தம்பி கொண்டுவரும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் பெட்டியை மூடுவோம். எல்லாரும் காத்திருந்தோம். கடைசியில் அக்கா தன் புதுச் சேலையைப் போர்த்தினாள். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அம்மாவுக்கு எவ்வளவு அவமானம்.

கல்நெஞ்சுக்காரர். செத்த முகத்திடம் என்ன ரோஷம்? மன்னிக்க மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. கட்டுரை நகரவில்லை. சாயங்காலம் சபை உபதேசியார் போன்: "பாப்பா, ஜெபக்கூட்ட மெசேஜ் யாருக்கும் வரலையாம். கொஞ்சம் பாருமா."

நவம்பர் 15, சனி

அபூர்வமாக வெயில். எதிர்ச் சரிவில் கொழுந்து வெட்டும் மெஷின் சத்தம்.

காலையில் சபை ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே திறந்து பார்த்தேன். லாராவெல் செய்தியை வாங்கி வரிசையில் நிறுத்தும், அவ்வளவுதான். எடுத்து அனுப்ப இன்னொரு நிரல் தனியாக ஓடவேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கரண்ட் போய் வந்திருக்கிறது. தளம் தானாக எழுந்துவிட்டது, அந்த நிரல் எழவில்லை. ஓடவிட்டேன். கட்டுரைக்கு ஐந்தாவது கிடைத்தது என்று சந்தோஷம் வேறு: 'வரிசையில் சேர்த்தால் தானாகப் போய்விடும்.'

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மேரி அக்கா, போனும் கையுமாக: "என்னா பாப்பா, ஒங்கம்மா அடக்கம் இன்னைக்கு மூணு மணின்னு இப்ப வருது?"

வரிசையில் அம்மாவும் நின்றிருக்கிறாள். 'இன்று மாலை மூன்று மணிக்கு அடக்கம்' என்று எழுதினேன், தேதி போடவில்லை. ஊர்க்காரர்களுக்கு வாய்வழியே தெரிந்ததால், மெசேஜ் வராததை யாரும் கவனிக்கவில்லை.

மாமாவுக்கு அடித்தேன். மலை ரோடு, லைன் கிடைக்கவில்லை. வீட்டு நம்பரில் அத்தை: "மாமா அப்பவே கெளம்பிட்டாரும்மா. அழுதுகிட்டே கடைக்கு ஓடி கோடி எடுத்துட்டுப் போனாரு."

அப்பாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

மாமா மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. நெஞ்சோடு அணைத்த சேலைப் பை. வாசலில் கூட்டம் இல்லாததைப் பார்த்ததும் முகம் மாறியது. "பெட்டிய மூடிட்டீங்களா மச்சான்? வேகமாத்தான் வந்தேன். வழியில பிரிஞ்சாங்ல ஜாம்லா."

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். போன வார வியாழனே முடிந்துவிட்டது, செய்தி என் தளத்திலேயே நின்றுவிட்டது, என் தப்பு மாமா.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "என்னைக் கேட்டாளா பாப்பா?"

கேட்டாள். ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் "அண்ணனா?" என்றாள்.

"இல்ல மாமா. அம்மாவுக்கு நெனவே இல்ல" என்றேன்.