எனது வலது கை திரைப்படத்தில் மட்டுமே உள்ளது என்பது குறித்து

அனுப்புநர்
அனக்லெத்தோ பங்கிலினன் (வயது 41),
முன்னாள் சினிமா சண்டைக் கலைஞர்,
ரெமெடியோஸ் செருப்புக் கடை,
லிலியூ, லகூனா மாகாணம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
உறுப்பிழந்தோர் மறுவாழ்வு அலுவலகம்,
மணிலா.

பொருள்: செயற்கைக் கை பெறுவோர் பட்டியலிலிருந்து, "இரண்டு கைகளும் உள்ளவர்" என்ற காரணத்தால் எனது பெயர் நீக்கப்பட்டது – நேரில் பார்த்து மீண்டும் சேர்க்கக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வலது கை இல்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. முந்தைய மூன்று மனுக்களிலும் இந்தச் செய்தி இரண்டாம் பக்கத்தில் வந்தது. தாங்கள் அதுவரை படித்திருக்க மாட்டீர்கள் என்று என் மனைவி ரெமெடியோஸ் நினைப்பதால் இம்முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நான் சொன்ன சில வார்த்தைகளை மரியாதை கருதி எழுத மறுத்துவிட்டாள்.

2. வெளிநாட்டார் இங்கு வந்து குறைந்த செலவில் எடுத்துச் செல்லும் சண்டைப் படங்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். உடம்புக்குள் இயந்திரம் பொருத்தப்பட்ட மனிதர்களைப் பற்றிய படங்கள் அவை. கதாநாயகன் அவர்கள் ஊர்க்காரர். நான் வில்லனின் இரும்புக்கை அடியாள். ஒவ்வொரு படத்திலும் சாவேன்; அடுத்த படத்தில் என்னைப் பழுது பார்த்து எழுப்பிவிடுவார்கள். லிலியூவில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, "இரும்புக்கை" என்றால் வீட்டைக் காட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

3. அந்த இரும்புக் கை, ஜீப்னி வண்டி கட்டும் பட்டறையில் அடித்த தகரம். கை துண்டாகும் காட்சி என்றால் என் சொந்தக் கையை மடக்கிச் சட்டைக்குள் முதுகோடு கட்டிவிடுவார்கள். தோளிலிருந்து ஒரு பொய்க்கை தொங்கும், வெடி அதற்குள் இருக்கும். வெடித்த பின் முழங்கை போல ரப்பர் மாட்டிக்கொண்டு நடிப்பேன். இது எங்கள் வழக்கம். அடுத்துச் சொல்வதற்கு இது தேவை என்பதால் விவரிக்கிறேன்.

4. 1989 பிப்ரவரி 21 அன்று, பழைய தேங்காயெண்ணெய் ஆலையில், கடைசிப் பொய்க்கையும் காலையிலேயே வெடித்துத் தீர்ந்துவிட்டது. வெயில் இறங்குவதற்குள் படம் பிடிக்க வேண்டும். தகரத்தை என் சொந்தக் கைமேலேயே மாட்டினார்கள். வெடி வைக்கும் பெரியவர் மாங் தூரிங், "சின்ன வெடிதான்டா. கொசு கடிச்ச மாதிரி இருக்கும்," என்றார். "சரி, சீக்கிரம் முடிங்க, பசிக்குது," என்று சொன்னதும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாங் தூரிங் அதன் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை என்று கேள்வி.

5. நான்கு மாதம் கழித்துப் படக்கம்பெனி என்னை மறுபடி அழைத்தது. இயக்குநர் என் கையைப் பார்த்துவிட்டு, "இனிமே ரப்பர் செலவு மிச்சம்," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்து நாள் நடித்தேன். தவறு அங்கேதான் நடந்தது, அதில் எனக்கும் பங்குண்டு.

6. அந்தக் கம்பெனி ஓர் அடி பிலிமையும் வீணாக்காது. முந்தைய படங்களில் மிஞ்சியதையெல்லாம் வெட்டி ஒட்டித்தான் புதுப்படம் செய்யும். ஆகவே எங்கள் இரும்புக்கைப் படத்துக்கு இந்த ஆண்டு வெளியான இரண்டாம் பாகத்தில் என் கை வெடிக்கிறது, வெறும் முழங்கையோடு நிற்கிறேன், அடுத்த நிமிடமே இரண்டு கைகளாலும் ஒரு மோட்டார் சைக்கிளைத் தூக்கி எறிகிறேன். வெடிக்கும் காட்சி, பிப்ரவரி 21 அன்று எடுத்த அதே காட்சி. அலறல் மட்டும் என்னுடையதல்ல, வேறு யாரோ குரல் கொடுத்துச் சேர்த்தது. கொட்டகையில் எல்லோரும் கை தட்டினார்கள். ரெமெடியோஸ் எழுந்து வெளியே போய்விட்டாள்.

7. தங்கள் ஆய்வாளர் திரு. புவெனவெந்துரா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். ஜூலையில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சட்டையைக் கழற்றி நின்றேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "படத்துலயும் இப்படித்தான் காட்டுனீங்க, குயா. அப்புறம் உள்ளேயிருந்து கையை எடுத்தீங்க," என்று சிரித்தார். அண்ணன் என்று மரியாதையாகத்தான் அழைத்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். "இதெல்லாம் உங்க கம்பெனியே அச்சடிக்கும்," என்றார். தொட்டுப் பார்க்கும்படி கெஞ்சினேன். தொடுவது மருத்துவரின் வேலை என்றார். மருத்துவரைப் பார்க்க ஆய்வாளரின் பரிந்துரை வேண்டும். பரிந்துரையை அவர் மறுத்துவிட்டார்.

8. இரண்டாம் முறை வாயிற்காவலரே விடவில்லை. "அந்த ரப்பரைக் கழட்டிட்டு வாங்க, விடுறேன்," என்றவர், தன் மகளுக்காக என்னிடம் கையெழுத்து கேட்டார். போட்டுக் கொடுத்தேன். படக்கம்பெனியிடம் சான்று வாங்கப் போனேன். அந்த அறையில் இப்போது முடிதிருத்தும் கடை நடக்கிறது.

9. நான் கேட்பது படத்தில் வரும் கை அல்ல. கொக்கி வைத்த மரக்கை போதும். ரெமெடியோஸ் செருப்புத் தைக்கிறாள். பசை காயும்வரை அடித்தோலையும் வாரையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு கை வேண்டும். இப்போது நான் முழங்காலால் அழுத்துகிறேன். பாதிச் செருப்பு கோணிப்போகிறது. கோணியதை அவள் எனக்குத் தெரியாமல் பிரித்துத் தைக்கிறாள். எனக்குத் தெரியும். இந்த வரியை எழுதியவள், அடுத்து என்ன என்று கேட்கிறாள்.

10. இவ்வாண்டு வந்துள்ள பன்னிரண்டு கைகளுக்கான பட்டியல் நவம்பர் 30 அன்று முடிகிறது. டிசம்பரில் மூன்றாம் பாகம் வெளியாகிறது. அதில் நான் நடிக்கவேயில்லை, முழுவதும் பழைய பிலிம். சுவரொட்டி பார்த்தேன். இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நிற்கிறேன். அது வந்த பிறகு தாங்களும் என்னை நம்ப மாட்டீர்கள்.

11. ஆகவே அதற்கு முன் ஒரு நாள், ஐந்து நிமிடம், என்னை நேரில் அழைத்துத் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கும்படி மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். இதற்கும் பதில் வராது என்றே நினைக்கிறேன். ரெமெடியோஸ் கேட்டுக்கொண்டதால்தான் எழுதுகிறேன்.

இடம்: லிலியூ
நாள்: 12 நவம்பர் 1990

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
அனக்லெத்தோ பங்கிலினன் (ஒப்பம்)

குறிப்பு: இந்தக் கையொப்பம் தங்கள் கோப்பில் உள்ள எனது தொழிலாளர் அட்டைக் கையொப்பத்தோடு ஒத்துப்போகாது. அது வலது கையால் போட்டது.