கோடியும் கொடியும்

நிலம் உவர்க்காதிருக்க, நீர் நெறி மாறாதிருக்க, தறியில் ஓடும் நூல் அறாதிருக்க.

அலைவளநாடு காக்கும் கோ, இப்பிக்கோட்டையின் எழுநிலை வாயிலுக்கு உரியவர், கடலங்கோ மன்னர்பிரானின் பட்டத்துப் பெருந்தேவியார் நறுவீ நங்கையார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் கீரங்கோ எழுத்தாணி பிடித்து எழுதிய ஓலை. மேற்கெல்லையாகிய நெடுங்கணவாயில் வருவாரை வரவேற்றும் வம்பரைத் தடுத்தும் பதினேழாண்டு வழுவாது நிற்கும் கணவாய்த்தலைவர் நெடுவழுதனார் இதனைக் காண்க. நுமக்கும் நும் மனையார்க்கும் நும் காவலில் உறங்கும் ஊர்களுக்கும் நலம் பெருகுக.

பனிவரை நாட்டு மன்னரின் மகளார் காந்தளி, நம் இளவரசர்க்கு மணமகளாய், வரும் முழுமதி நாளில் நும் கணவாயை வந்தடைவார். அங்கே நிற்கும் கோடி மண்டபத்தில் அவர்க்குச் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பதே இவ்வோலையின் பொருள். ஆணையை மட்டும் எழுதினால் அமையும் என்று ஓலைநாயகம் விண்ணப்பித்தான். காரணம் அறியாதவர் கையில் ஆணை பாதி வழியில் நின்றுவிடும் என்று கூறியருளி, நடந்தது முழுதும் எழுதத் தேவியார் பணித்தார்.

அம்மண்டபத்தின் வழக்கத்தை நீர் அறிவீர். ஆயினும் ஓலை பிற்காலத்தார் கையிலும் சேருமாதலின் உரைக்கப்படுகிறது. இந்நாட்டுக்கு அரசியாக வரும் பெண், பிறந்தகத்தில் உடுத்துப் பழகிய சீலையை அங்கே களைந்துவிட வேண்டும். அது மூட்டையாகக் கட்டப்பட்டு வந்த வழியே திரும்பும். அவள் மேனியில் நீர் தொடாத புத்தாடையாகிய கோடி உடுத்தப்படும். அன்று தொட்டு ஆயுள் உள்ளளவும் நாளுக்கு ஒரு கோடி. இன்று உடுத்ததை நாளை உடுத்தலாகாது. நீரில் நனைத்தலும் ஆகாது.

நறுவீ நங்கையார் அம்மண்டபத்தில் நின்றபோது அவர்க்கு வயது பதினெட்டு. தமக்கையாரோடு மாறி மாறி உடுத்திய நீலச்சீலை ஒன்று அவர் இடையில் இருந்தது. எத்தனை முறை துவைத்ததென்று எவர்க்கும் தெரியாத சீலை. கையில் அள்ளினால் தண்ணீர்போல் வழியும். கொண்டுவந்த பொன்னும் மணியும் உள்ளே செல்லலாம், அச்சீலை செல்லலாகாது என்றபோது அவர் வருந்தவில்லை. நாளுக்கொரு புத்தாடையா என்று மகிழவே செய்தார்.

அம்மகிழ்ச்சி ஒரு திங்கள் நின்றது. அரண்மனைக் கோடி கஞ்சி தோய்த்து, சங்கால் தேய்த்து மெருகேற்றியது. அதனை உடுத்தவர் குனிந்தால் மடிப்பு முறியும். கை உயர்த்தினால் கரை விலாவை அறுக்கும். தரையில் அமர்தல் இயலாது, இயல்பாய் நிற்றலும் இயலாது. காலை தொட்டு உச்சிப்பொழுது வரை ஆற்றை நோக்கிய காட்சிமாடத்தில் அவர் அமர்ந்திருக்க, நகரப் பெண்டிர் அன்றைய நிறத்தையும் கரையையும் கண்டு செல்வர்; முந்நூறு தறிகள் அம்மாடத்தை நோக்கியே இயங்கும். நாடு அவரை அழகின் தலைவி என்றது. இளவரசர் பிறந்து தவழ்ந்து நடை பயின்ற நாட்களில், பகலில் ஒருமுறையேனும் அம்மகவைத் தம் தோளில் சாய்த்துக்கொள்ள அவர்க்கு இயலவில்லை. பிள்ளையின் எச்சில் பட்டால் கோடி கெடும் என்று செவிலியர் அம்மகவை மூன்றடி எட்டவே வைத்துக் காட்டினர்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அழகை நாட்டுக்குக் காட்ட அமர்த்தப்பட்ட தேவியார், அழகைத் தாம் கண்டது மாடத்திற்குக் கீழே, ஆற்றின் படித்துறையில். அங்கே கருவாடு உலர்த்தும் பெண் ஒருத்தி நாள்தோறும் வருவாள். அவளிடம் இருப்பவை இரண்டே சீலைகள். அவற்றுள் ஒன்று மஞ்சளாய்ப் பிறந்து, வெயிலும் நீரும் தின்று, எந்தச் சாயக்காரரும் பெயரிட்டு அறியாத ஒரு நிறத்திற்கு வந்து சேர்ந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒற்றைக் கையால் கூந்தலைச் சுருட்டி முடிவாள். பூ மூன்றே மூன்று வைத்தால் அவை வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். பிள்ளையைச் சுமந்து சுமந்து அச்சீலை இடுப்பருகே நைந்திருந்தது. நைந்த அவ்விடத்தைத் தைத்து மறைக்காமல், கொசுவத்தின் உட்புறமாக மடித்துச் செருகும் நேர்த்தியைத் தேவியார் பல நாள் நோக்கியிருந்தார். தம் ஆடை தம்மை அறிவதில்லை, அவள் ஆடை அவளை அறிந்திருக்கிறது என்பதே அவர் கண்ட வேற்றுமை.

படித்துறையில் பேசுவது மாடத்திற்கு நன்கு கேட்கும் என்பதைக் கீழே உள்ளோர் அறியார். அவர்கள் சொல்லை அவர்கள் வாய்ப்படியே எழுதுக என்பது தேவியார் பணிப்பாதலின் எழுதப்படுகிறது. சென்ற ஆடித்திங்களில் ஒருத்தி அண்ணாந்து நோக்கி, “இன்னைக்கு என்ன கரைடி மதினி?” என்று வினவ, கருவாட்டுப் பெண், “சீலையா அது? கதவுடி. உள்ளே ஆள் இருக்காளான்னு தட்டித்தான் பார்க்கணும்” என்றாள். துறை முழுதும் சிரித்தது, தேவியாரும் சிரித்தார். அவளோ நிறுத்தினாளில்லை. “கோடி, கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்தறது, செத்தா ஒருநாள் போர்த்தறது. தினமும் உடுத்தினா எதுக்குன்னு நினைச்சுக்கறதாம் அந்தப் பொம்பளை?” என்றாள். அதற்குப் பின்பு தேவியார் சிரிக்கவில்லை.

அவ்வாரத்தில் தோழியர் இருவரைத் துணைக்கொண்டு, முதல்நாள் களைந்த கோடி ஒன்றை உள்முற்றத்துக் கிணற்றடியில் தேவியார் துவைப்பித்தார். ஒருமுறைக்குக் கஞ்சி கரைந்தது. ஐந்தாம் முறைக்குத் துணி இளகியது. காய்ந்தபின் அதனை உடுத்து, ஒரு காலைப்பொழுது மாடத்தில் நின்றார். அமரவில்லை, நின்றார், நிற்க முடிந்தது. கூந்தலினின்று உதிர்ந்த பூவைக் குனிந்து தாமே எடுத்தார். கைப்பிடிச்சுவரில் முழங்கை ஊன்றினார். கீழே எவரும் அவரை அடையாளம் காணவில்லை. “மகாராணி வரலையாட்டம் இருக்கு. யாரோ ஒருத்தி நிக்கறா” என்றாள் ஒருத்தி. கருவாட்டுப் பெண் நெற்றியில் கை வைத்து மறைத்து நோக்கி, “யாராயிருந்தா என்ன? எவ்வளவு அழகா நிக்கறா பாரு” என்றாள்.

அன்று உச்சிப்பொழுதே செய்தி கலிங்கநாயகி பெருந்தாழையார்க்கு எட்டியது. அரண்மனை ஆடைகளுக்கெல்லாம் தலைவியாகிய அவர் வந்து கரையைத் தொட்டுப் பார்த்து, மெருகில்லாமை கண்டு, மன்னர்பிரானிடம் முறையிட்டார். மறுநாள் மன்னர்பிரான் முன்னிலையில் அவை கூடிற்று.

கோடி வழக்கத்தின் வேர் எது என்று அரசர் வினவ, நாட்டின் முதல் வேந்தர் அரசியர்க்கு வகுத்த மனையோலை பேழையினின்று வெளியே எடுக்கப்பட்டது. அதில் ஆடை பற்றிய வரி ஒன்றே. ஓலைநாயகம் அதனை விளக்கொளியில் வைத்து நோக்கி, அவை திடுக்கிடும் ஒன்றைக் கூற வேண்டியதாயிற்று. ஓலை கிழியும் என்று அஞ்சி முன்னோர் எழுத்தின்மேல் குறிலைக் காட்டும் புள்ளி குத்தார். ஆதலின் குறிலும் நெடிலும் ஒரே வடிவாய் நிற்கும். அவ்வரியைக் கோடி என நீட்டிப் படித்தால், அரசியர் நாடோறும் கோடியாடை உடுத்துக என்றாகும். நீர் காணாத புத்தாடை என்பது பொருள். கொடி எனக் குறுக்கிப் படித்தால், அரசியர் நாடோறும் கொடியாடை உடுத்துக என்றாகும். துவைத்துக் கொடியில் உலர்த்திய தூய ஆடை என்பது பொருள். ஒன்று மற்றொன்றுக்கு நேர்மாறு. முதல் வேந்தர் எதனைக் கருதினார் என்று எழுத்து சொல்லாது, எழுதியவர் இல்லை.

பெருந்தாழையார் அழுதார். அவர் கல்நெஞ்சர் அல்லர் என்பதை எழுதத் தேவியார் வற்புறுத்தினார். முந்நூறு தறிகள் நாளை எதை நோக்கி நெய்யும் என்று அவர் வினவினார். எழுவர் அரசியர் இவ்வாறே உடுத்து, இவ்வாறே அமர்ந்து, இவ்வாறே முடிந்தனரே, அவர்கள் வாழ்ந்ததெல்லாம் படித்தவன் பிழையா என்றும் வினவினார்.

பின்னர்த் தேவியார் பேசினார். தறியில் பிறக்கும் அழகைத் தாம் இகழவில்லை என்றும், ஆனால் ஆடை அழகு பெறுவது உடுத்தவளின் நடையிலும் வேலையிலும் அவள் தோளில் உறங்கிய பிள்ளையின் சூட்டிலும் என்றும், அவ்வழகு ஒருநாளில் வாராது, துவைக்கத் துவைக்க வருவது என்றும், அதனை எண்ணாயிரம் கோடியாடை உடுத்தும் தாம் ஒரு காலைப்பொழுது மட்டுமே அறிந்ததாகவும் கூறினார். இனி வரும் பெண்ணுக்கும் தமக்கும் கொடி என்னும் பாடத்தையே அருளுமாறு வேண்டினார்.

மன்னர்பிரான் அருளிய தீர்ப்பு இது: ஓலை இரு பாடத்துக்கும் இடம் தருவதால், இரண்டையும் காத்தல் அரசின் கடன். வரும் பெண் கொடி என்னும் பாடத்தில் வாழ்க. தேவி கோடி என்னும் பாடத்திலேயே இருக்க. இருபத்திரண்டு ஆண்டுகள் நாடு கண்ட தேவி இன்று உடை மாறினால், இதுவரை அமர்ந்திருந்தது எதற்காக என்று ஊர் கேட்கும். அதற்கு மறுமொழி தம்மிடம் இல்லை என்று அரசர் வெளிப்படவே கூறினார். இன்னும் ஒன்று. இருவரையும் அருகருகே கண்டாலும் அதே கேள்வி பிறக்கும். ஆதலின் ஒரே கூடத்தில், ஒரே விழாவில், ஒரே வாயிலில் இருவரும் ஒருங்கே நில்லாதிருக்க. இதற்குத் தேவி இசைந்தால் அந்தப் பெண்ணுக்கு விடுதலை. இசையாவிடில் இருவர்க்கும் கோடியே.

சிந்திக்க ஒருநாள் தரப்பட்டது. அந்நாளைத் தேவியார் கொள்ளவில்லை. அங்கேயே இசைந்தார்.

ஆகவே நெடுவழுதனார்க்கு ஆணை. காந்தளி நங்கையார் உடுத்து வரும் சீலையை எவரும் தொடாதிருக்க. பெட்டியில் உள்ள பழஞ்சீலைகளும், தைத்தவையும் நைந்தவையும் உட்பட, மூட்டை கட்டித் திருப்பப்படாமல் அவரோடே நாட்டுக்குள் வருக. வழக்கம் காட்டி எவரேனும் மறுத்தால், மனையோலை வரியைப் பெயர்த்தெழுதிய படி ஒன்று இதனோடு இணைக்கப்பட்டுள்ளது. அதில் ககர ஒகரத்தின் மேல் ஓலைநாயகம் புள்ளி குத்தியிருக்கிறான். ஓலை சிறிது கிழிந்துள்ளது. எனினும் இனி எவரும் அதனை நீட்டிப் படிக்க இயலாது. மண்டபத்தில் கோடி ஏந்தி நிற்கும் மகளிர்க்கு வேறு பணி தருக, அவர்களைக் கடிந்துரையற்க.

மருமகளை எதிர்கொள்ள மாமியார் நகர வாயிலில் நிற்பது எந்நாட்டுக்கும் உரிய முறை. காந்தளி நங்கையார் வந்து இறங்கும்போது அவ்விடம் வெறுமையாய் இருக்கும். பெருந்தேவியார் ஏன் வரவில்லை என்று உடன் வரும் நும்மை அவர் வினவுவார். தேவியார்க்கு உடல்நலமில்லை என்று சொல்லற்க, விருப்பமில்லை என்று பிறர் சொல்லவும் விடற்க. அரசாணையால் வரவில்லை என்று மட்டும் கூறுக. தமக்காக ஒருவர் ஒன்றை ஈடு வைத்தார் என்று அறிந்து வாழ்வது அந்தப் பெண்ணுக்கு மற்றொரு மெருகேற்றிய ஆடையாகும். அதனை அவர்க்கு உடுத்தற்க. இவ்வோலையின் பொருளும் அவர் செவிக்கு எட்டாதிருக்க.

தேவியார் முன் இருமுறை வாசிக்கப்பட்டு, சொல் கூட்டாமலும் குறைக்காமலும் சுருட்டி, செவ்வரக்கு உருக்கி, இரட்டைச் சங்கு இலச்சினை பதித்து, விரைபரியோன் கையில் விடுக்கப்பட்டது. பெற்றவர் பெற்ற நாழிகையே செய்க. பிழை செய்தவர் தேவியாரிடம் அல்ல, வேந்தர் முன் விடை சொல்லுக.

இலச்சினைக்குப் புறத்தே, பெருந்தேவியார் தம் கையால் கீறியது:

வழுதா, இது ஆணை இல்லை. அவள் ஆற்றுத் துறைக்கு இறங்கும் நாட்களில் மாடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம் என்று அவள் தோழியிடம் சொல்லி வை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடை மாறிவிடும். அவள் தன்பாட்டுக்கு நடந்து போகட்டும்.