சீஃப் கெட்டுப்போன விதம்

மார்ச் 4, செவ்வாய்

டைரக்டர் இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேசினால் காட்ட வேண்டும். "மேடம், மூணாம் பாகத்துல சீஃப்தான் வில்லன்."

சீஃப்! நானும் கூட்டாளியும் சேர்ந்து உட்கார்ந்து பெற்றெடுத்த தீயணைப்பு அதிகாரி. காட்சி கட்டுவது நான், வசனம் எழுதுவது அவன், பதினோரு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. முதல் பாகத்தில் உள்ளே போகாதே என்ற மேலிடத்து உத்தரவைத் தூக்கிப் போட்டுவிட்டு, எரிகிற ஆஸ்பத்திரிக்குள் புகுந்து முப்பது பேரைக் காப்பாற்றினான். இரண்டாம் பாகத்தில், பின்கதவைப் பூட்டி வைத்துத் தொழிலாளிகளைச் சாகவிட்ட முதலாளியை நடுரோட்டில் போட்டு மிதித்தான். தியேட்டரில் விசில் நிற்கவே இல்லை.

எப்படி சார் வில்லன் ஆவான் என்று கேட்டேன். "பொண்டாட்டி செத்துடுறா. இன்டர்வெல். அப்புறம் வந்து நிக்கிறான் பாருங்க. கறுப்புச் சட்டை, தாடி, ஒரு சிரிப்பு!"

தாடி வைத்தால் வில்லனா? எங்கள் வீட்டுக்காரர் போன வருஷம் மூன்று மாதம் தாடி வைத்திருந்தார். ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆபீஸ் அறையில் கூட்டாளியும் நானும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சீஃப்பைக் கெடுக்காத தாயே. ஜனங்க வீட்டுல அவன் படத்தை மாட்டி வச்சிருக்காங்க."

"நாம கெடுக்கலைன்னா வேற எவனாவது கெடுப்பான். தாடி ஒட்டிக் கெடுப்பான்."

கடைசியில் ஒத்துக்கொண்டான். கெடுப்பதென்றால் நம்புகிற மாதிரிக் கெடுப்போம். மனைவி சாகக் கூடாது, மூளையில் கட்டி கூடாது, பழைய பகை கூடாது. சுவரில் சீன் அட்டைகளைக் குத்த ஆரம்பித்தோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவன் ஒன்று சொன்னான்: "அவன் மாறவே வேணாம். அவன் இப்படியேதான் இருந்தான், யாரும் தடுக்கல. அவ்வளவுதான்."

உண்மை. இரண்டு படத்திலும் அவன் சட்டத்தை மீறிய ஒவ்வொரு இடத்திலும் நாங்கள்தான் கைதட்டு வைத்தோம். இந்த வரி எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

மார்ச் 9, ஞாயிறு

முப்பத்தாறு அட்டை எழுதினேன். முப்பத்தாறும் குப்பை.

மார்ச் 11, செவ்வாய்

வேறொரு படத்துக்கு வசனம் சரிபார்க்க டப்பிங் தியேட்டர் போனேன். நாயகி வர இரண்டு மணி நேரம் தாமதம். வெளியே ஒரே இரைச்சல். குரல் பதிவு செய்கிற கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது; அதற்குள் போய் நின்றுகொண்டு கூட்டாளிக்குப் போன் போட்டேன். நேற்று வரைக்கும் தேறின கதையை முழுசாக அவனுக்கே சொல்லிப் பார்த்தேன், ஏற்ற இறக்கத்தோடு. அவனுடைய வரியையும் சேர்த்துத்தான். "நல்லாத்தான் சொல்றே, ஆனா நடுவுல ஒரு படி இல்ல. நல்லவனா ஏறுறான், கெட்டவனா இறங்குறான்" என்றான். சரிதான். அந்தப் படி எது என்று அவனுக்கும் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வெளியே போய்விட்டது. எல்லாமே!

ஒரு சினிமா சேனலில் காலையிலிருந்து ஓடுகிறது. மூன்றாம் பாகத்தில் சீஃப் வில்லன். போதாததற்கு, "அவன் இப்படியேதான் இருந்தான், யாரும் தடுக்கல" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான் படுபாவி. எழுத்து மாறாமல்.

போனைத் திறக்க முடியவில்லை. ரசிகர்கள் என் அம்மா, அக்கா ஒருவரையும் விட்டு வைக்காமல் திட்டுகிறார்கள். முன்பின் தெரியாதவன் எல்லாம் என் கையை உடைப்பானாம். யாரு சொன்னது? யாரு? கதை தெரிந்தது மூன்றே பேருக்கு. டைரக்டர், நான், அவன்.

மார்ச் 15, சனி

டைரக்டர் அறை. சீஃப்பாக நடிப்பவர் உட்காரவே இல்லை, மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதையைக் காப்பாற்றத் தெரியாத கும்பலோடு வேலை செய்ய மாட்டாராம். என் பதினோரு வருஷம் அந்த ஒரு வார்த்தையில் "கும்பல்" ஆகிவிட்டது.

டைரக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "யாருன்னு நெனைக்கிறீங்க?"

அந்த வரி யாருடையது? அவனுடையது. ஆரம்பத்திலிருந்தே இந்தக் கதை வேண்டாம் என்றவன் யார்? அவன். அந்த சேனல் நிருபரோடு போன வாரம் டீக்கடையில் நின்றவன் யார்? என் கண்ணால் பார்த்தேனே!

சொன்னேன். நினைக்கிறேன் என்றெல்லாம் இழுக்கவில்லை. "அவன்தான் சார்" என்று சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவன் போன் செய்தான். நான் பேச விடவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் அவன் குரல் கேட்டது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." கேட்டால் ஒத்துக்கொண்டு விடுவாயாக்கும்! வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

அவனைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். டைட்டிலில் பெயரும் இருக்காது. வந்து தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் முதுகுக்கு வைக்கிற தலையணையையும் எடுத்துக்கொண்டு போனான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அட்டைகளை அடுக்கினேன். சுவரில் பாதி அவன் கையெழுத்து. போகிற போக்கில், விழ இருந்த ஒரு அட்டையைச் சரியாகக் குத்திவிட்டுப் போனான். நடிப்பு!

மார்ச் 24, திங்கள்

தனியாக எழுதுகிறேன். கோபத்தில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அந்த நடுப்படி மட்டும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாவது அட்டையில் சீஃப் நல்லவன். பதினான்கில் அரக்கன். பதிமூன்று வெள்ளையாக ஆணியில் தொங்குகிறது.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சினிமாவில் அவருக்கு அக்கறை கிடையாது. துணி மடித்துக்கொண்டே கேட்டார், "உங்க சீஃப் தப்பே பண்ண மாட்டாரா?"

"எத்தனை பேரைக் கொல்றான் தெரியுமா?"

"அது இல்லம்மா. சாதாரணத் தப்பு. நான் ஒருக்கா இடது கால் படத்துல வலதுன்னு குறிச்சு அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல ஞாபகம் வந்து ஓடினேன். பெரிய டாக்டர் எல்லாருக்கும் முன்னாடி வச்சுக் காய்ச்சிட்டாரு. ஆனா அன்னைக்கே ஓடினதாலதான் சொன்னேன். ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருந்தா வாயே வந்திருக்காது."

இதெல்லாம் எக்ஸ்ரே ரூமுக்குச் சரி, மாஸ் படத்துக்கு ஆகாது என்றேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போர்வையை மடித்தார்.

ஏப்ரல் 2, புதன்

டப்பிங் தியேட்டர். சவுண்ட் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், நெளிந்துகொண்டே பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க உள்ள நின்னு போன்ல கதை சொன்னீங்கல்ல? மைக் ஆன்ல இருந்துச்சு. இந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல முழுசாக் கேட்டுச்சு. நாலஞ்சு பேர் இருந்தாங்க. நான் டீ குடிச்சுட்டு வந்து மூடுறதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க. அதுல ஒருத்தன் அந்த சேனல்காரனோட மச்சான்னு நேத்துதான் எனக்குத் தெரியும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த மைக்கைப் பார்த்தேன்.

"பதிவாகியும் இருக்கு மேடம். உங்க குரல் சுத்தமா இருக்கு. என்ன பண்ணட்டும்?"

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மைக் முன்னால் நின்று ரகசியம் பேசியிருக்கிறேன். இதைவிட மடத்தனம் உண்டா?

"அழிச்சிடுங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டாமா? மைக்கை ஆன் செய்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன் என்ன இன்ஜினியர்? இந்த டைரக்டருக்கும் அறிவு வேண்டாமா, நான் ஒருத்தி சொன்னால் விசாரிக்காமல் எடுத்துவிடுவதா?

கூட்டாளிக்குப் போன் போட வேண்டும். இன்றே. சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன்.

சாப்பிட்டேன். சாயங்காலம் போடலாம்.

ஏப்ரல் 5, சனி

போடவில்லை. பதிமூன்றாவது அட்டையை எழுதினேன். ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பள்ளிக்கூடத்தில் தீ. காற்று உள்ளே போனால் நெருப்பு கிளம்பும் என்று சீஃப் அவசரத்தில் பின்கதவைச் சாத்துகிறான், ஜனம் உள்ளே பாயாமல் இருக்கப் பூட்டியும் விடுகிறான். மூன்று உயிர் போகிறது. பூட்டியது யார் என்று ஊரே கேட்கிறது. அவன் சத்தியமாக மறந்துவிட்டான். இருபது வருஷம் கூடவே வண்டி ஓட்டிய டிரைவரைக் கை காட்டுகிறான், நம்பித்தான் காட்டுகிறான். டிரைவர் வேலை போகிறது, வீட்டில் கல் விழுகிறது. பத்து நாள் கழித்து சலவைக்குப் போட எடுத்த யூனிபார்ம் பையில் சாவி இருக்கிறது.

சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறான். சாக்கடையில் போடுகிறான். வசனம் இல்லை. வசனம் எழுத ஆளும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நடிகருக்குக் கதை சொன்னேன். இரண்டரை மணி நேரம், போனை எடுக்காமல் கேட்டார். சாவி சீன் வந்ததும் கையைத் தூக்கினார்.

"இங்க எனக்கு இடிக்குது. நெருப்புக்குள்ள குதிக்கிறவனுக்கு இது ஒரு பயமா? டிரைவர் வீட்டுக்குப் போய், மன்னிச்சிடுப்பான்னு சொன்னா முடிஞ்சுது. ஏன் சொல்லல?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன். "முதல் நாள் சொல்லியிருந்தா அது வெறும் தப்பு சார். இப்ப சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. அவனை இதுவரைக்கும் யாரும் குற்றவாளியாப் பார்த்ததே இல்ல. நெருப்புல நிக்கப் பழக்கம், அதுல நிக்கப் பழக்கமில்ல. நாள் போகப் போக அவனுக்கு டிரைவர் மேலதான் கோபம் வரும். அந்த ஆள் தெருவுல எதிர்ல வந்தாலே எரிச்சல் வரும். இவன் ஏன் இன்னும் இப்படி நிக்கிறான், எங்கயாவது தொலைய வேண்டியதுதானேன்னு தோணும். அங்கிருந்துதான் சார் வில்லன் ஆரம்பிக்கிறான்."

நடிகர் எழுந்து நின்று கை தட்டினார். அறையில் இருந்த எல்லோரும் தட்டினார்கள். "இதை எப்படி மேடம் பிடிச்சீங்க?" என்று டைரக்டர் கேட்டார். பிறகு, "உங்க கூட்டாளி இல்லாததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மார்க்கெட்டில் அவன் மனைவி. நான் பார்க்காத மாதிரி திரும்பியும் வந்து பிடித்துக்கொண்டாள். அவனை எந்தக் கதை அறையிலும் சேர்ப்பதில்லையாம். வெளியே சொல்லிவிடுவான் என்று பேராகிவிட்டதாம். பகலெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறானாம்.

அதற்கு நான் என்ன செய்ய? சேர்க்காதது நானா? பட்டம் கட்டினது நானா? கையும் காலும் இருக்கிறவன்தானே, வேறு வேலை பார்க்கக் கூடாதா? இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து என் உயிரை வாங்க வேண்டுமா?

ஏப்ரல் 19, சனி

காலை பத்து மணிக்கு மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூட்டாளி. "நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இருக்கிறவளை எப்படி இல்லன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து விட்டார். டீ போட உள்ளே போய்விட்டார்.

இளைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் எதைக் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. அவன் எதையும் கேட்கவில்லை.

"ஒரு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன் தாயே. நான் சொல்லலைன்னு அடிச்சுப் பேசத்தான் முதல்ல நெனச்சேன். ஆனா அந்த வரி என்னோடது. வேற யார் வாயில இருந்து போயிருக்கும்? அந்த நிருபர்கூட டீ குடிச்சப்ப பேச்சுவாக்குல உளறியிருப்பேன்னு தோணுது. எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இருக்கும். பதினோரு வருஷத்துல நீ என்னைப் பத்தி ஒரு பொய் சொன்னதில்ல. நீ சொன்னா காரணம் இருக்கும்." கையைக் கூப்பினான். "உன் கதையைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடு."

சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவன் கூப்பிய கையை இறக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"பரவாயில்ல, விடு. நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்று சொன்னேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு உனக்கு என்றான். பிறகுதான் உட்கார்ந்தான், டீயைக் குடித்தான்.