அஞ்சல் படகோட்டி உலகன் துடுப்பைக் கீழே வைத்த விவரம்

நலமே நிறைக! நான்கு திசையும் அலையே அகழியாய் நின்று காக்கும் நண்டகத் தீவின் ஒரே வேந்தரும், ஆமைக்கொடி உயர்த்தியவரும், உப்புக்காற்றிலும் வாடாத முடி தரித்தவருமான ஸ்ரீ அலைவென்ற பெருமாள் திருமுன்புக்கு, ஓலைகளைக் கவனிக்கும் அமைச்சன் ஓலைநாயகம் பொறையன் மும்முறை பணிந்து எழுதுவது. தேவரீருக்கு விருந்தளித்துவரும் மாமனார் வடகரை வேந்தரின் நாட்டில் மழை வற்றாதிருக்க. அவருடைய பொறுமையும் வற்றாதிருக்க.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது முன்னோர் வாக்கு. தேவரீர் மாமனார் அரண்மனைக்கு எழுந்தருளி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. இப்போது இலையில் என்ன விழுகிறதோ, நினைக்கவே நெஞ்சு கலங்குகிறது. அழைத்துவரப் படகு ஏன் வரவில்லை என்று தேவரீர் சினந்திருப்பீர்கள். அந்தக் காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பெரும்பகுதி என் பிழையே.

அயல்நாட்டார் நம்மைச் சிறு தீவென்று எள்ளாதிருக்க, புகழ்பெற்றோர் முகங்களை அஞ்சல் தலைகளில் தீட்டி ஒவ்வோர் ஓலையின் நெற்றியிலும் ஒட்டுமாறு, தேவரீர் முடிசூடிய ஆண்டில் ஆணை பிறந்தது. முதலில் தேவரீர் முகம், அடுத்துப் பட்டத்தரசியார் முகம், பிறகு புகழ்பெற்றோர் மூவர். அதோடு புகழ்பெற்றோர் தீர்ந்துபோயினர். ஆணை தீரவில்லை, பௌர்ணமிக்கொரு முகம் வேண்டியிருந்தது. ஆகவே ஒரே அமர்வில் அறுபது நுங்கு தின்ற மாடலனும், அரண்மனைக் கிணற்றில் இருமுறை விழுந்தும் தம் கிரகபலன் நன்றென்றே சொல்லிவரும் சோதிடரும், தேவரீர் மீசையை ஒருபுறம் மட்டும் மழித்தும் உயிரோடிருக்கும் நாவிதர் வல்லபனும் தலைகளாயினர். பதினேழு ஆண்டில் பல் முளைக்காத குழந்தைகள் வரை அனைவரும் முடிந்து, சென்ற பௌர்ணமிக்கு ஆளே கிடைக்காமல் பட்டத்தரசியாரின் வெள்ளாட்டைத் தேர்ந்தோம்.

அடுத்த முகத்தைப் பௌர்ணமிச் சபையில் நேரில் வந்து கை உயர்த்துவோரிலிருந்தே தேர்வது நம் மரபு. ஆட்டின் முன்னங்காலை நானே உயர்த்திப் பிடித்தேன். ஓலைக்கட்டோடு அஞ்சல் படகு பௌர்ணமி நீரோட்டத்தில் புறப்படுவதும் நம் மரபே. சபை கூடும்போதெல்லாம் படகோட்டி உலகன் கடலில் இருந்தான். இருநூற்றுப் பத்து முறை அவனை "வராதவன்" என்று என் கையாலேயே எழுதினேன். அனுப்பியவனும் நானே. ஒருமுறையேனும் அது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற பௌர்ணமியன்று ஓலைக்கட்டை எடுக்க வந்தவன், நெற்றிகளில் ஒட்டியிருந்த ஆட்டின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். இதற்கு என்ன புகழ் என்று வினவினான். பட்டத்தரசியாரின் பட்டாடையைத் தின்றது என்றேன். அப்படியாயின் ஓலைக்கட்டை அந்த ஆடே கொண்டுபோகட்டும் என்று சொல்லி, துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வீடு போனான்.

வடகரைக்குச் செல்லும் நீரிணையின் பாறைகளுக்கிடையே வழி அறிந்தவன் அவன் ஒருவனே. சேனாபதியார் வீறுகொண்டு தாமே துடுப்பெடுத்தார். அரைநாள் சுற்றி நம் கரையிலேயே வந்திறங்கி, வடகரையும் நம் ஊரைப் போலவே இருக்கிறதென்று வியந்தார்.

பொன் தருவதாகச் சொல்ல உலகன் வீட்டுக்குச் சென்றேன். அவன் வெளியே வரவில்லை; மனைவி நாச்சி வந்து மறுமொழி உரைத்தாள். வடகரையில் ஓலை வாங்குவோர் ஒவ்வொரு தலையையும் காட்டி இது யாரென்று கேட்பார்களாம். எல்லார் புகழையும் இவனே அலுக்காமல் எடுத்துரைப்பானாம். உன் முகம் எங்கே என்றும் கேட்பார்களாம். அடுத்த மாதம் வரும் என்று பதினேழு ஆண்டாகச் சொல்லிவருகிறானாம். ஆட்டுக்குப் பிறகும் அதையே போய்ச் சொல்ல முடியாதென்கிறானாம். கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கொண்டுபோன பொன்னை மடியிலேயே மறைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆகவே, தேவரீர் ஒப்புதலின்றி முகம் தீட்டச் செய்வோருக்குத் தலை மொட்டையடிக்கப்படும் என்ற சட்டத்தை நானே எழுதியிருந்தும், உலகன் முகத்தைத் தீட்டச் சொன்னேன். என் தலையில் மயிர் அதிகமில்லை, இழப்பு சிறிதே.

இவ்வோலை தேவரீர் கையில் இருக்கிறதென்றால், கொண்டுவந்தவன் எதிரே நிற்கிறான். ஓலையின் நெற்றியை நோக்கி, பிறகு அவனை நோக்கி, வடகரை அவையோர் அனைவரும் கேட்க, இவன் எங்கள் தீவின் புகழ்பெற்றோன் என்று திருவாய் மலர்க. அமைச்சன் வேந்தருக்கு ஆணையிடுவது முறையன்று, ஆயினும் ஆணையிடுகிறேன். சொன்னால் இன்றே படகில் இடமுண்டு. சொல்லாவிடில் அவன் தனியே திரும்புவான். தேவரீர் மாமனாருக்கு மேலும் பொறுமை அருளுமாறு நாங்கள் கோயிலில் வேண்டிக்கொள்வோம்.

இப்படிக்கு, நண்டகத் தீவு ஓலைநாயகம் பொறையன் எழுத்து. ஆமை முத்திரை இட்டேன். அஞ்சல் தலையின் நடுவே குத்துவதே விதி எனினும், உலகன் முகத்தில் மை படாதிருக்க, ஓரமாக இட்டேன்.