சொந்த விருப்பத்தின் பேரில்

மார்ச் 3

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

வணக்கம். நல்லபடியா வந்து சேர்ந்தேன். போன்ல எனக்கு வார்த்தை வராதுன்னு தெரிஞ்சுதான் "நிதானமா எழுதுங்க அண்ணா"ன்னு சொல்லி அனுப்பினீங்க. எழுதறேன்.

விமான நிலையத்துக்கு மனைவியும் மகளும் வந்திருந்தாங்க. நான் வெளிநாடு கிளம்பும்போது மகளுக்கு அஞ்சு வயசு. இப்ப என் உயரத்துக்கு நிக்கறா. "வாங்க"ன்னா, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி. நானும் பதட்டத்துல "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டேன், பெத்த பொண்ணைப் பார்த்து! மனைவி சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

குளிக்கப் போனா, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கதவுக்கு வெளியே நிக்கறேன். உள்ளே யாரும் இல்லை. பன்னெண்டு வருஷம் பொதுக் குளியலறை வரிசையில நின்ன கால்.

ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம். வந்த அன்னைக்கே எதிர்வீட்டுக்காரர், "எத்தனை நாள் லீவு?"ன்னார். "மூணு மாசம்"ன்னு வாய் தானா சொல்லிடுச்சு. பக்கத்துல மனைவி. அவளும் நம்பிட்டா. இனிமே அங்கே திரும்ப முடியாதுன்னு கையெழுத்துப் போட்டு வந்தவன் நான். எப்படிச் சொல்றது?

இப்படிக்கு,
ரசமட்டம்
(தரை ஒரு நூல் சாஞ்சாலும் கண்டுபிடிப்பேன்னு கூட டைல்ஸ் போட்டவங்க வெச்ச பேர். இதைச் சொன்னாத்தான் உங்களுக்கு ஆள் பிடிபடும்.)

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உங்களை மறப்பேனா! நாங்கள் ஊருக்கு அனுப்பி வைத்தவர்களில் கடிதம் எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

திரும்பிப் போனவர்களுக்கு முதல் சில மாதங்கள் இப்படித்தான் இருக்கும். உடம்பு போய்ச் சேர்ந்துவிடும், பழக்கங்கள் பின்னால்தான் வரும். உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் அண்ணியிடம் மறைக்காதீர்கள். நாள் தள்ளத் தள்ளக் கனம்தான் கூடும். கிளம்பும்போது ஒரு முகவரி கொடுத்தேனே, திரும்பி வந்தவர்கள் வியாழக்கிழமைகளில் கூடிப் பேசுகிற இடம். ஒருமுறை போய் வாருங்கள். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும்.

அன்புடன்,
ஆலோசகர்
(மேடம் வேண்டாம் அண்ணா. தங்கச்சி என்றே எழுதுங்கள்.)

ஏப்ரல் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

வியாழக்கிழமை போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில வட்டமா ஏழெட்டு பேர். அங்க இருந்த சார் ரொம்பத் தன்மையாத்தான் கேட்டார், "நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?" எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. எனக்குப் பதில் தெரியலை. தெரியாதுன்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். கடைசியா நாம பேசின நாள் ஞாபகம் இருக்கா? நீங்க கேட்டீங்க, "ஊருக்குப் போகணும்னு தோணுதா?" நான் "தெரியலை"ன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தீங்க. முகம் வாடிப்போச்சு. பாவமா இருந்தது. உடனே நான் "தோணுது, தோணுது"ன்னேன். நீங்க சிரிச்சீங்க. பேப்பரை நகர்த்தினீங்க. "சொந்த விருப்பத்தின் பேரில்"னு போட்டிருந்த இடத்துல கையெழுத்துப் போட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. குத்தம் சொல்லலை. விசா இல்லாததால போலீஸ் பயம் இருந்தது, முதுகு வலி இருந்தது, பொண்ணு ஞாபகமும் இருந்தது. ஆனா எதுக்காக வந்தேன்? அதுக்கா, இல்லை உங்க முகம் வாடக்கூடாதுன்னா?

சும்மா இருக்க முடியாம குளியலறைத் தரையைப் பெயர்த்துட்டேன். "லீவுல வந்தவர் ஏன் வீட்டை இடிக்கறார்னு தெருவே கேக்குது"ன்னு மனைவி திட்டறா. இன்னும் சொல்லலை.

அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு நீங்க எழுதி வெச்சிருப்பீங்க. பார்த்துச் சொல்லுங்க. அதையே நம்பிக்கறேன்.

உங்க அண்ணன்,
ரசமட்டம்

மே 14

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உங்கள் பதிவுக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு நேராக என் கையெழுத்தில், "தயக்கம் இல்லை. முடிவில் உறுதியாக இருக்கிறார்" என்று இருக்கிறது. நீங்கள் முதலில் "தெரியலை" என்று சொன்னது அதில் இல்லை. சொன்னீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. ஏன் எழுதவில்லை என்பதுதான் தெரியவில்லை.

அன்று காலை என் அம்மா போனில், "நீ எப்படி வருவே? வர மனசில்லாதவ" என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும் இங்கே வந்து ஒன்பது வருஷம். போக விருப்பம் என்று யாராவது ஒருவர் என் முன்னால் சொல்ல மாட்டார்களா என்று அன்று ஏங்கினேன் போலிருக்கிறது. மாட்டியது நீங்கள். ஒருவேளை இதுவும் நானாகக் கட்டிக்கொள்கிற கதையோ என்னவோ.

உங்களுக்கு இப்படி எழுதக்கூடாது என்றார் மேலதிகாரி. எழுதிவிட்டேன். கையெழுத்தை இனி மாற்ற வழியில்லை, அதையும் விசாரித்தேன். என்னைப் பற்றி நீங்கள் புகார் எழுதினால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நான் உங்களைத் தள்ளிவிட்டேனா அண்ணா?

தங்கச்சி

ஜூன் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தப்ப வீட்டுல மூணு பேரும் இருந்தோம். மகள் கையிலதான் கிடைச்சது. பிரிச்சு, சத்தமா படிச்சா. நான் தடுக்கலை. தடுக்கணும்னு தோணினப்ப பாதி படிச்சு முடிச்சுட்டா.

மனைவி உன்னை ஒரு பாட்டம் திட்டினா, என்னை ரெண்டு பாட்டம். "மூணு மாசமா எங்களை முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களே"ன்னு தட்டைத் தள்ளிவெச்சுட்டா. அப்புறம் தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தா. "நீங்க திரும்பிப் போற நாளை நினைச்சு நிம்மதியாத்தான் இருந்தேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியலை"ன்னா. வலிச்சுது. ஆனா பன்னெண்டு வருஷத்துல அவ என்கிட்ட ஜோடனை இல்லாம சொன்ன முதல் வார்த்தை அது. பதிலுக்கு நானும், "உங்களோட இருக்க எனக்குப் பயமா இருக்கு"ன்னேன். மகள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாதா?"ன்னு கேட்டா. மூணு பேரும் சிரிச்சுட்டோம். மறுநாள் மறுபடி சண்டை.

நீ தள்ளினியான்னு கேட்டே. தெரியலைம்மா. தள்ளியிருந்தா, நானும் வாகா நின்னு கொடுத்திருக்கேன்.

புகார் எதுவும் இல்லை. ஆனா ஒண்ணு. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும், "இதைப் படிச்சா தங்கச்சி முகம் வாடுமோ"ன்னு பார்த்துப் பார்த்து மாத்தினேன். மனைவிகிட்ட பேசறப்பவும் அப்படித்தான். ஆனா அவ எதிர்ல இருக்கா, உடனே சண்டைக்கு வந்துடறா. நீ தூரத்துல இருக்கே. உனக்காக நான் என்ன வேணும்னாலும் எழுதிடுவேன்.

அதனால இனி எனக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன். இது உனக்குக் கஷ்டமா இருக்கும். இருக்கட்டும்.

நல்லா இரு.

அண்ணன்