அந்த நோட்டின் முதல் பக்கம்

அப்பாவுக்கு, உங்கள் பெரியவள் வணக்கத்தோடு எழுதுவது. இருமல் குறைந்ததா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

போன வாரம் நான் உட்கார்ந்திருந்த எங்கள் சலவைக்கூட வேனைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்துவிட்டது. பதறாதீர்கள், நானேதான் எழுதுகிறேன். விசாரித்த போலீஸ்காரரிடம், "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அன்று நீங்கள் ஸ்கூட்டரோடு விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய எழுந்தபோது சொன்னதும் அதுதானே?

மூன்றாம் நாள் ஈரப் போர்வையைத் தூக்கப் போனேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"அடிபட்ட அன்னைக்கே வந்து காட்ட வேணாமா? ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டா, இப்ப நஷ்டஈடு கேட்டா யாரு நம்புவாங்க? எங்க வலிக்குதுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதி வைங்க."

நோட்டு வாங்கி நான்கு நாளாகிறது. ஒரு வரி எழுத வரவில்லை.

தலைவழியே எதையும் போட முடியவில்லை. முன்னால் பொத்தான் வைத்த உங்கள் பழைய சட்டை இரண்டு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே துவைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்துவிட்டது. போனில் கேட்டால் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்வேன். இந்தத் தாள் அந்த நோட்டின் முதல் பக்கம்.

வலிக்கிறது, அப்பா.