குறி பார்க்கத் தேவையில்லாத துப்பாக்கி

திருக்காட்டுப்பள்ளி

அன்பு மகள் ஃபிளோராவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத இம்முறை கை வரவில்லை, காரணம் கீழே வரும். நீயும் குழந்தையும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

உன் பின்கதவை உடைத்தவன் இன்னும் பிடிபடவில்லை, மாப்பிள்ளை ரெமிஜியஸ் மாதத்தில் பாதி நாள் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறார், ஆகவே சனிக்கிழமை துப்பாக்கி வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். சுட்டுப் பழகாதவர்களுக்குப் பல ரவைகள் சிதறிப் பாயும் ரவைத் துப்பாக்கிதான் சரி, குறி பார்க்கவே தேவையில்லை என்று அந்த நாட்டுக் கடைக்காரர் சொன்னாராம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் உரிமத்தைத் தேதி தவறாமல் புதுப்பித்தேன். போன தை வரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

அம்மாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போனது கிரைண்டரில் சிக்கி அல்ல. அந்தப் பொய்யை உன்னிடம் சொன்னவன் நான். தை மாதம், பட்டப்பகல், பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இரைச்சல், அலறினாலும் யாருக்கும் கேட்காது. அரிவாளோடு வந்த ஒருவன் அம்மாவின் சங்கிலியைப் பிடித்து இழுத்தான், அவள் விடவில்லை, காதோரம் வெட்டினான், ரத்தம் புடவையெல்லாம் வழிய அவள் அவன் தோள்பட்டைச் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். நான் துப்பாக்கியோடு அறையிலிருந்து வந்தேன். குறி பார்க்கவில்லை. ரவை சிதறும், எப்படியும் அவன்மேல் படும் என்று நம்பிச் சுட்டேன். கூடத்தின் பத்தடித் தூரத்தில் அது சிதறவில்லை மகளே, ஒரே கட்டியாகப் போய் அவன் தோளைப் பிளந்தது, அதைப் பற்றியிருந்த விரல்களையும். சுவரில் சதை ஒட்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, நான்தான் அவனப் பிடிச்சுட்டேனே, எதுக்குங்க சுட்டீங்க என்றாள்.

அவன் பிழைத்துவிட்டான், சிறையில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் என்னிடம் வக்கீல் தொழில் பழகும் ஜூனியர் குணசேகரன், இது தற்காப்பு, சட்டம் சார் பக்கம்தான் இருக்கு என்று தேற்றினான். சட்டம் அவர் பக்கம் இருக்கட்டும் தம்பி, நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு கேட்டுச் சொல்லு என்றாள் அம்மா. விரலை வெட்டியது திருடன்தான் என்று அவள் போலீசில் சொன்னதை, இல்லை என் துப்பாக்கிதான் என்று நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன், உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டேன்.

உன்னைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆபத்து உன் வாசலில் இருக்கிறது. ஆனால் இந்தச் சனிக்கிழமை வாங்காதே. முதலில் கதவை மாற்று, படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் போடு, போனை அருகில் வை. பிறகு பயிற்சிக்கூடம் போய், ஆசிரியர் முன்னால், உன் கை நடுக்கம் நிற்கும் வரை சுட்டுப் பார். உன் கைக்கு அடங்கியதை மட்டும் வாங்கு, பூட்டி வை. உன் வீட்டுச் சுவர் வெறும் பலகை, அதற்கு அந்தப்பக்கம் குழந்தையின் கட்டில் இருக்கிறது.

கர்த்தர் உன் வாசலையும் உன் கைகளையும் காக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் உன் முடிவை அம்மாவிடமே சொல். அதுவரை அவள் சாப்பிட மறுக்கிறாள்.

உன் அப்பா,
அடைக்கலராஜ்